அந்தக் கதவை அவன் ஏன் திறக்கவில்லை

கண்ணு, புதன்கிழமை சாயங்காலம் நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பொய் சொல்லிவிட்டேன். அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியில் நீ ஏதாவது கேட்டால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. வாட்ஸப்பில் பேசி அனுப்புங்கள் என்று உன் அம்மா சொன்னாள். நாலு தடவை ஆரம்பித்து நாலு தடவையும் அழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் நாடகம். அதற்கு முன்னால் இது கோயம்புத்தூரில் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று வியாழக்கிழமை காலை, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, உட்கார்ந்து எழுதுகிறேன். படித்து முடித்ததும் நீ என்னை அப்பா என்று கூப்பிடுவாயா என்றுகூடத் தோன்றுகிறது. சிரிக்காதே. எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

நீ என்ன கேட்டாய் என்று எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. "அப்பா, நீங்க இத்தன வருசம் பனியன் கம்பெனியில சூப்பர்வைசரா இருந்தீங்கல்ல? எங்க நாடகத்துல எனக்கும் சூப்பர்வைசர் வேசந்தான். ஆடிட் அன்னைக்கு கொஞ்சம் பொம்பளைங்கள குடோன்ல வச்சுப் பூட்டிடறான். உள்ள இருந்து கதவைத் தட்டறாங்க. அவனுக்குக் கேக்குது. ஆனாத் தொறக்கமாட்டேங்கறான். ஏம்ப்பா? எங்க டைரக்டர் அக்கா ஒரே கேள்விதான் கேக்கறாங்க, இந்த நிமிசத்துல இந்த ஆளுக்கு என்ன வேணும்னு. எனக்குப் பதிலே வரமாட்டேங்குது." நான் என்ன சொன்னேன்? "அவன் கெட்டவன் கண்ணு, அவ்வளவுதான். சத்தம் போட்டு நடி, சனங்க கை தட்டுவாங்க" என்றேன். அப்புறம் அவனுடைய வசனத்தைப் படித்துக் காட்டினாய். "துணி ரோல் இறக்கறாங்க மேடம்." இவ்வளவு சாதாரணமான வசனத்தைக் கத்தியெல்லாம் எப்படியப்பா பேசுவது என்று கேட்டாய். நான் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அந்த வசனத்தை எந்த எழுத்தாளரும் யோசித்து எழுதவில்லை. அது என் வாயிலிருந்து வந்தது. அப்போது உனக்கு ஆறு வயது.

ஆடிட் நாள் என்றால் என்னவென்று நீ கேள்விப்பட்டிருப்பாய், பார்த்திருக்க மாட்டாய். வெளிநாட்டில் பனியன் வாங்குகிறவர்கள், கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். முதல் நாளே எங்களுக்குத் திருவிழா மாதிரிதான். மருந்துப் பெட்டிக்குப் புதுப் பஞ்சும் கட்டுத்துணியும் வந்துவிடும். கட்டிங் மாஸ்டர் வருடம் முழுக்கத் தொடாத இரும்பு வலைக் கையுறை வெளியே வரும். அவசர வழியை மறைத்துக்கொண்டிருக்கும் பண்டல்களை எல்லாம் தூக்கிக் கொண்டுபோய்க் குடோனில் அடைத்துவிட்டு, தரையில் மஞ்சள் கோடு புதிதாகப் போடுவோம். டீ நேரம் முடிந்ததும் எல்லாரையும் நிற்க வைத்து, நான்தான் ஆடிட்டர் வேசம் கட்டிக் கேள்வி கேட்பேன். "எத்தனை மணிக்கு வேலை முடியுது?" "ஆறு மணிக்குங்க." "தீபாவளி நேரத்தில?" "அப்பவும் ஆறு மணிக்குங்க." யாராவது சிரித்தால் திரும்பவும் முதலிலிருந்து. செக்கிங் டேபிளிலிருந்து உன் அம்மா, "நீங்க கம்பெனிக்கு வந்ததுக்கு நாடகத்துக்கே போயிருக்கலாமுங்க" என்று கிண்டல் செய்வாள். உனக்கு நடிப்பு எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் கேட்கும்போது நான் சும்மா இருந்துவிடுவேன். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

கம்பெனிப் பதிவில் பேர் உள்ளவர்கள் நாடகத்தில் இருப்பார்கள். காண்ட்ராக்டில் வந்தவர்களுக்குப் பதிவில் பேர் கிடையாது, அதனால் ஆடிட் அன்றைக்கு அவர்கள் கண்ணில் படக் கூடாது. வேன் வைத்துப் பல்லடம் பக்கம் இன்னொரு யூனிட்டுக்கு அனுப்பிவிட்டு சாயங்காலம் கூட்டி வருவோம். உன் அம்மாவும் அந்தக் கூட்டத்தில்தான். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு காண்ட்ராக்டில் திரும்ப வந்தவள். அன்றைக்கு வேன் வருவதற்கு முன்னால் ஆடிட்டர் வந்துவிட்டார், சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முந்தி. மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து என்னிடம் ஓடி வந்து, "குடோன்ல வச்சுப் பூட்டுப்பா, சாவி ஓனர்கிட்ட இருக்குதுன்னு சொல்லிக்கலாம்" என்றார். பத்தொன்பது பேர். அவர்கள் பைகளை வேறு ஒரு அறையில் போட்டுப் பூட்டினோம், யார் பை என்று ஆடிட்டர் கேட்பாரே என்று. குடோனுக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல். அதையும் முதல் நாள் நாங்கள் கொண்டுபோய் அடைத்த பண்டல்கள் மறைத்திருந்தன. உன் அம்மா கடைசியாக உள்ளே போனாள். "சீக்கிரம் தொறந்துடுங்க" என்றாள், சிரித்துக்கொண்டுதான். நான் பூட்டிச் சாவியை பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

ஆடிட்டர் பெங்களூரிலிருந்து வந்த ஒரு அம்மா. தமிழ் நன்றாகப் புரியும், திக்கித் திக்கிப் பேசுவார். எங்கள் ஆட்கள் அன்றைக்குப் பிரமாதப்படுத்திவிட்டார்கள். ஒருத்தர்கூடச் சொதப்பவில்லை. கட்டிங் மாஸ்டர் கையுறையைக் கழற்றிக் காட்டி, "இது இல்லாம நான் மெசினத் தொடவே மாட்டேனுங்க" என்று நான் சொல்லிக் கொடுக்காததையும் சேர்த்துச் சொன்னார். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "நல்லா டிரெயினிங் குடுத்திருக்கீங்க" என்றார். அப்போது நாங்கள் குடோன் கதவுக்குப் பக்கத்தில் இருந்த டேபிளில் நின்றுகொண்டிருந்தோம். அந்த நேரத்தில்தான் தட்டினார்கள். முதலில் மூன்று தட்டு, உள்ளங்கையால், மெதுவாக. அப்புறம் முஷ்டியால். அந்த அம்மா தலையைத் தூக்கி, "என்ன சத்தம்?" என்றார். "துணி ரோல் இறக்கறாங்க மேடம்" என்றேன். நீ கேட்டாயே, கத்தியா பேசுவது என்று. இல்லை கண்ணு. மணி என்ன என்று கேட்டால் சொல்வோமே, அப்படித்தான் சொன்னேன். அந்த அம்மா தலையாட்டிவிட்டு எழுதப் போய்விட்டார். மெசின் சத்தத்தில் அவருக்கு எட்டாத ஒரு குரல் கதவை ஒட்டி நின்ற எனக்கு மட்டும் கேட்டது. "கதவத் தொறங்கண்ணாச்சி." அது எஸ்தரின் குரல். தெற்கேயிருந்து புருசனோடு பிழைக்க வந்த பெண், உன் அம்மாவோடு ஒரே டேபிளில் செக்கிங் பார்த்தவள். கம்பெனியில் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டது அவள் ஒருத்திதான்.

இப்போது உன் டைரக்டர் அக்காவின் கேள்விக்கு வருகிறேன். அந்த நிமிடத்தில் அந்த ஆளுக்கு என்ன வேண்டும்? இருபது வருடத்துக்கு மேல் இதற்கு நான் விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆர்டர் போய்விட்டால் அத்தனை பேருக்கும் வேலை போய்விடும், அதனால்தான் திறக்கவில்லை என்று கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டேன். மேனேஜருக்குப் பயந்துதான் என்று கொஞ்ச காலம். இரண்டுமே நியாயமாகத்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டுமே பிற்பாடு நான் தேடிக் கண்டுபிடித்தவை. அந்த நிமிடத்தில் இது எதுவும் என் மனதில் இல்லை. மனதில் இருந்தது, அந்த அம்மா சொன்ன நல்ல வார்த்தை. அவர் இன்னொன்று சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தேன். பத்தாவது பெயிலானவன் நான். அப்படிப் படித்த ஒருவர் என் வேலையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நாடகம் அவ்வளவு அருமையாகப் போய்க்கொண்டிருந்தது, கெடுக்கிறார்களே என்று தட்டினவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. எழுதவே கூசுகிறது. கோபம், கண்ணு. உன் அம்மா உள்ளே இருக்கிறாள் என்பது தெரிந்தும் கோபம்.

இன்னொன்றையும் சொல்கிறேன். டேபிள் மேல் ஒரு சாம்பிள் டி-ஷர்ட் கிடந்தது. தட்டும் சத்தம் கேட்கக் கேட்க நான் அதை மடித்தேன். சட்டைக் கை இரண்டையும் பின்னால் மடக்கி, நடுவில் மடித்து, நீவி விட்டேன். பிரித்தேன். மறுபடி மடித்தேன். சாவி இருந்த பாக்கெட்டுக்குக் கை போகவே இல்லை. நீ நடிக்கும்போது இதைச் செய்து பார். பல்லைக் கடிக்காதே, முறைக்காதே, வில்லன் மாதிரி சிரிக்காதே. தான் கெட்டவன் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு நல்ல வேலைக்காரன் தன் வேலையை நன்றாகச் செய்துகொண்டிருப்பதாகத்தான் நினைக்கிறான். நீ முன்கூட்டியே அவனைப் பற்றி எல்லாம் தெரிந்த மாதிரி நடித்தால் பார்க்கிறவர்கள் பயப்பட மாட்டார்கள், நமக்கும் இவனுக்கும் சம்பந்தமில்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றுவிட்டது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. மேனேஜர் ஆடிட்டரை ஆபீஸ் ரூமுக்கு டீ குடிக்கக் கூட்டிப் போனார். அப்போதாவது நான் பின்தங்கிப் போய்த் திறந்திருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். நானும் கூடவே போனேன். டீ குடிக்கும்போது என்னைப் பற்றி ஏதாவது சொல்வார் என்றுதான் போனேன். ஒன்றும் சொல்லவில்லை, பிஸ்கட் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். கார் கேட்டைத் தாண்டிய பிறகு போய்க் கதவைத் திறந்தேன். எஸ்தர் உன் அம்மா மடியில் கிடந்தாள். அவளுக்கு வீசிங் தொந்தரவு இருந்திருக்கிறது. இழுக்கிற மருந்து அவள் பையில், பை நாங்கள் பூட்டிய இன்னொரு அறையில். உதடு நீலம் பாரித்திருந்தது. உன் அம்மா அவளுடைய இரண்டு கைகளையும் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆறுதலுக்காகப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டாள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அங்கிருந்து நேராக ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. அந்தக் கம்பெனி ஆடிட்டில் பாஸாகிவிட்டது.

அந்த வருடக் கடைசியில் உன் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நீ போலீஸ் வேசம் போட்டாய், ஞாபகம் இருக்கிறதா? தேங்காய் திருடினவனைப் பிடித்து ஜெயிலில் அடைக்க வேண்டும், அவ்வளவுதான் உன் வேலை. நீ அவனைப் பிடித்தாய், அட்டை ஜெயில் வரைக்கும் கூட்டிப் போனாய், அப்புறம் விட்டுவிட்டாய். டீச்சர் ஓரத்தில் நின்று கையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டினார். நீ மைக்கில், "இவன் பசிச்சுதான் எடுத்தான், பூட்டினா அழுவான்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து, சொல்லிக் கொடுத்ததைச் செய்யத் தெரியாதா என்று உன்னை அடித்தேன். முதுகில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. அவன் ஏன் எடுத்தான் என்று ஆறு வயதிலேயே நீ யோசித்தாய், அதற்காகத்தான் அடி வாங்கினாய். அன்றைக்கு நீ செய்தது சரி. நான் அடித்தது தப்பு. இவ்வளவு நாள் கழித்துச் சொல்கிறேன்.

நம் வீட்டு அறைக் கதவு எதற்கும் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது என்பதைப் பற்றி நீ காலேஜ் படிக்கும்போது கேட்டாய். கரையான் அரித்துவிட்டது, கழற்றிவிட்டேன் என்றேன். கரையான் எங்கே கண்ணு இரும்பை அரிக்கும்? நீயும் சிரித்துவிட்டுப் போய்விட்டாய். யாராவது கதவைத் தட்டினால் சாப்பாட்டில் கை வைத்தபடியே நான் ஓடுவதையும் எல்லாரும் கிண்டல் செய்வீர்கள். இனிமேல் காரணம் தெரிந்துவிடும்.

புதன்கிழமை உன் போனை வைத்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யார் சொல்லியிருப்பார்கள்? கட்டிங் மாஸ்டர் செத்துப்போய்விட்டார். மேனேஜர் சொல்ல மாட்டார். உன் நாடகக் குழுப் பெண்கள் நம்ம பக்கம் கம்பெனி கம்பெனியாகப் போய்க் கதை கேட்டார்கள் என்று நீ ஏற்கெனவே சொல்லியிருந்தாய். யாரோ என் பேரைச் சொல்லிவிட்டார்கள், உனக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்துகொண்டே என்னைச் சோதிக்கத்தான் போன் பண்ணியிருக்கிறாய் என்று நினைத்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த உன் அம்மாவிடம் போய், "ஏம்புள்ள, அந்தக் குடோன் விசயத்த யாரோ நாடகக்காரங்ககிட்ட சொல்லியிருக்காங்க" என்றேன். அவள் கத்தியைக் கீழே வைக்கக்கூட இல்லை. "நாந்தானுங்க சொன்னேன்" என்றாள்.

"நம்ம பையனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "அவனுக்குத் தெரியாதுங்க. அந்தப் புள்ளைங்ககிட்டயும் உங்க பேரச் சொல்லல. அவன்கிட்ட நீங்கதான் சொல்லோணும்." ஏன் சொன்னாய் என்று கேட்டபோதுதான் அழுதாள். இத்தனை வருடம் நான் தூங்காமல் கிடந்த மாதிரி அவளும் கிடந்திருக்கிறாள், ஒரே வீட்டில், ஒரே பாயில். "தட்டறது ஏன் நின்னுச்சுன்னு நீங்க ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா? நாந்தான் நிறுத்துனேன். துணி ரோல் இறக்கறாங்கன்னு நீங்க சொன்னது உள்ள எனக்குக் கேட்டுச்சு. எஸ்தர் கையப் புடிச்சு அமுக்கிட்டேன். தட்டாதே, ஆளுங்க இருக்காங்க, அவரு தொறக்கலைன்னா ஏதோ காரணம் இருக்கும்னு சொன்னேன். அந்தக் கையி என் கைக்குள்ள துடிச்சுதுங்க." நான் டி-ஷர்ட் மடித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவள் என்னை நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். உன் நாடகத்தில் குடோனுக்குள் இருக்கும் பெண்களில் ஒருத்தி இன்னொருத்தியின் கையைப் பிடிப்பதாக இருந்தால், அந்த வேசம் போடும் பெண்ணுக்கு இதைச் சொல். இல்லையென்றால் சேர்க்கச் சொல். உன் அம்மா சம்மதித்துத்தான் எழுதுகிறேன்.

அவள் எஸ்தரோடு போனில் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நாடகக்காரர்களிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம் கேட்டிருக்கிறாள். எஸ்தர் சரி என்று சொன்னதோடு, நாடகம் பார்க்கவும் வருகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கி நம் வீட்டில்தான் சாப்பாடு. ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம். "அண்ணாச்சி வருவாகளா?" உன் அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை, நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்று போனை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதை எடுக்கப் பயமாக இருக்கிறது. எஸ்தரைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அதைவிட, மேடையில் என் மகன் என் வசனத்தைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. நீ இந்த வேசத்தை வேண்டாம் என்று வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் எனக்கு நிம்மதிதான். ஆனால் அப்படிச் செய்யாதே. அந்த ஆளை வேறு யாராவது நடித்தால் கெட்டவனாக்கிவிடுவார்கள். நீ நடித்தால் நான் எப்படி இருந்தேனோ அப்படி வரும்.

நான் வருவேன் என்று இந்தக் கடிதத்தை மடித்ததும் எஸ்தருக்குப் போன் பண்ணிச் சொல்லப் போகிறேன். உன்னால் முடிந்தால் எனக்கு ஒரு உதவி செய். எங்கள் மூன்று பேருக்கும் வாசலுக்குப் பக்கத்தில் சீட் பிடித்து வை. அடைத்த இடத்தில் எஸ்தரால் இப்போதும் உட்கார முடியாது என்று உன் அம்மா சொன்னாள். நாடகம் நடக்கும்போது அரங்கத்துக் கதவைச் சாத்த வேண்டாம் என்று உன் டைரக்டர் அக்காவிடம் கேட்டுப் பார். வெளிச்சம் வரும், சத்தம் வரும், சாத்தித்தான் ஆக வேண்டும் என்று அவர் சொன்னால், என் சீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. நாடகம் முடியும்வரை நான் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறேன், கையை அதன் கைப்பிடிமேல் வைத்துக்கொண்டு.

அப்பா